கரையிறங்காத ஆணை

மே பத்தாம் தேதி விழாவுக்கு வேண்டிய வடையையும் றோல்சையும் வசந்தரூபி தனி ஆளாகச் செய்து முடித்தாள். அடிமை முறை ஒழிந்ததைப் பிரான்ஸ் நினைவுகூரும் நாள் அது என்பது அவளுக்குத் தெரியாது. "வெள்ளைக்கார ஆக்களும் வருகினம், சாமான் குறையக் கூடாது" என்று ஜெயரட்ணம் சொன்னது மட்டும்தான் தெரியும்.

ஜெயரட்ணத்துக்குப் பாரிசில் ரூ காய் என்ற தெருவில் சாப்பாட்டுக்கடை. தமிழ்க் கடைகள் நிறைந்த அந்த லா ஷப்பல் பகுதியில் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ரூ பஜோலில் பிள்ளையார் தேர் புறப்படும்போது வடத்தின் முன்னால் நிற்பவர். செத்தவீடு, கலியாணவீடு எதுவானாலும் முதல் ஆளாகப் போய்ச் சேருகிறவர். அவருடைய மனைவி யோகராணிக்கு வசந்தரூபி ஒருவகையில் தங்கச்சி முறை. வன்னியில் கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்துத் தனியாய் நின்றவளை, "இஞ்சை வாரும், விசாப் பேப்பர் எடுத்துத் தாறம், கடையிலை வேலையும் இருக்கு" என்று கூப்பிட்டது அவர்கள்தான்.

வந்து இறங்கிய அன்றே அகதி விண்ணப்பம் போட வேண்டும் என்று சொல்லி அவளுடைய பாஸ்போட்டை வாங்கிக்கொண்டார்கள். நான்கு வருடம் போய்விட்டது. ஓர் அரசாங்கக் கந்தோருக்கும் அவளைக் கூட்டிப்போகவில்லை. பாஸ்போட் திரும்பி வரவில்லை.

காலையில் ஜெயரட்ணத்தின் வீட்டில் கூட்டல், கழுவல், பிள்ளைகளுக்குச் சாப்பாடு. பிறகு கடையின் சமையலறை. கடை பூட்டிய பின் அவள் படுப்பது கீழே, பிரெஞ்சில் கேவ் என்று சொல்லும் நிலவறையில், அரிசி மூட்டைகளுக்கும் தேங்காய்ப்பால் பெட்டிகளுக்கும் நடுவில். ஒருமுறை சம்பளம் என்று வாய் திறந்தாள். "எங்கட ஆள் எண்டுதானே உன்னைக் கூப்பிட்டனாங்கள், சொந்தத்துக்குள்ளை சம்பளம் என்ன?" என்று யோகராணி சிரித்தாள். ஊரில் இருக்கும் தங்கையோடு யோகராணியின் போனில்தான் பேசலாம். பேசி முடியும்வரை யோகராணி பக்கத்தில் இருப்பாள்.

வெளியே போனால் என்ன ஆகும் என்று ஜெயரட்ணம் முதல் வாரமே சொல்லிவைத்திருந்தார். "பேப்பர் இல்லாமல் ரோட்டிலை நிண்டால் பொலிஸ் பிடிச்சு நேரை பிளேனிலை ஏத்தும். அங்கை இறங்கினால் உம்மை ஆர் வந்து கூட்டிக்கொண்டு போவினம் எண்டு உமக்குத் தெரியும்." சீருடைக்காரர்களைப் பற்றி வசந்தரூபிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவள் நம்பினாள்.

ரூ பஜோலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தைச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்தது. மேடையில் பேசியவர் மார்கிரட் என்ற பாண்டிச்சேரிப் பெண்மணி. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், கட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் சின்னச் சிலுவை. முன்வரிசையில் ஜெயரட்ணம் கோட்டும் ரையுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆன்-சோஃபி. சங்கத்துக்கு உதவித்தொகை கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்த பிரெஞ்சுப் பெண். மார்கிரட் ஒரு தரம் தமிழிலும் ஒரு தரம் பிரெஞ்சிலும் மாறிமாறிப் பேசினார். வசந்தரூபி வடைத் தட்டோடு பின் வாசலில் நின்று கேட்டாள்.

"அப்ப பிரான்ஸ் போர்ல இருந்துச்சு," என்றார் மார்கிரட். "ஒரு பக்கம் இங்கிலீஷ்காரன், ஒரு பக்கம் ஸ்பெயின்காரன். ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தி நாலாம் வருஷம். அந்தப் போருக்கு நடுவுல இந்தப் பாரிஸ்ல கூடின சபை ஒரு ஆணை போட்டாங்க. பிரான்சோட எல்லாக் காலனியிலயும் அடிமைங்க இனிமே அடிமைங்க இல்ல, குடிமக்கள்னு. அடிமைன்னா ஆப்பிரிக்கா ஆளுங்கதான்னு நாம நெனைச்சுக்கிட்டிருக்கோம். எங்க பாண்டிச்சேரியிலேருந்தும் நம்ம தமிழ் ஆளுங்கள ஏத்தியிருக்காங்க. பஞ்சத்துல வித்தாங்க, ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்க. மொரீஷியஸ், ரீயூனியன்னு இப்ப சொல்றோமே, அங்க."

ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள் என்றதும் வசந்தரூபி ஓர் அடி உள்ளே வந்தாள். தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

கேள்வி உண்டா என்று மார்கிரட் கேட்டார். எல்லோருடைய கண்ணும் தேத்தண்ணி மேசைக்குப் போய்விட்டது.

"அந்த ஆணை அவையளிட்டைப் போய்ச் சேந்ததோ?" என்று பின்னாலிருந்து வசந்தரூபி கேட்டாள்.

தலைகள் திரும்பின. ஒருவராவது கேட்டாரே என்று மார்கிரட்டின் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்விம்மா. எல்லா எடத்துக்கும் போய்ச் சேரல. மொரீஷியசுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு அதிகாரிங்கள கப்பல்ல அனுப்பினாங்க. அடிமை வச்சிருந்த முதலாளிங்க ஒண்ணு கூடி, சில நாள்லயே அவங்கள மறுபடி கப்பல்ல ஏத்தித் தொரத்திட்டாங்க."

"அப்ப அந்தச் சனம்?"

"அப்படியேதான் கெடந்தாங்க. இன்னொரு தலைமுறை, ரெண்டு தலைமுறை."

"தங்களை விடச் சொல்லிச் சட்டம் வந்தது எண்டு அவையளுக்குத் தெரியுமோ?"

மார்கிரட் கொஞ்சம் யோசித்தார். "காதோட காதாத் தெரிஞ்சிருக்கும். மொதலாளிங்க அவ்வளவு பயந்திருக்காங்கன்னா, இவங்களுக்கும் விஷயம் எட்டியிருக்கணும்."

அரசாங்கம் போர்க்காலத்தில் போடும் ஆணைகளை வசந்தரூபி அறிவாள். பாதுகாப்பு வலயம் என்று றேடியோவில் சொன்ன இடத்துக்குத்தான் அவளும் புருசனும் ஓடினார்கள். அங்கே பதுங்குகுழி வாசலில்தான் அவன் செத்தான். ஆணை போடுகிறவர்கள் யாரை நினைத்துப் போடுகிறார்கள் என்று அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"ஏன் அப்பிடி ஓர் ஆணை போட்டவை? பாவம் பாத்தோ?"

"பாவம் பாத்தவங்களும் இருந்தாங்க. ஆனா அது மட்டும் இல்ல," என்றார் மார்கிரட். "அமெரிக்கா பக்கத்துல ஒரு தீவு. அங்க அடிமைங்க ஏற்கெனவே எழுந்து தோட்டத்தையெல்லாம் கொளுத்திச் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. தீவு கையவிட்டுப் போயிடும், எதிரி பிடிச்சுக்குவான். இவங்களத் தங்க பக்கம் சேத்துக்கணும். அவங்க எழுந்த அப்புறம்தாம்மா ஆணையே வந்துச்சு."

ஜெயரட்ணம் திரும்பிப் பார்த்தார். குரல் தேனாக இருந்தது. "பிள்ளை, உள்ளை போய்த் தேத்தண்ணியைப் பாரும். ஆக்களுக்கு நேரமாகுது."

நான்கு வருடமாக அந்தக் குரலுக்கு அவளுடைய கால்கள் தாமாகவே நடந்திருக்கின்றன. இப்போதும் ஒரு கால் சமையலறைப் பக்கம் திரும்பியது. அதைக் கண்டதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது, முதலில் தன்னுடைய காலின்மேல். பிறகு அந்தக் கோட்டின்மேல், ரையின்மேல், அடிமைகளைப் பற்றிய பேச்சைக் காலுக்குமேல் கால் போட்டுக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த அந்த முகத்தின்மேல்.

"நான் போகேல்லை அண்ணை," என்றாள்.

ஜெயரட்ணம் சிரித்தபடி ஆன்-சோஃபியின் பக்கம் சாய்ந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல் வசந்தரூபிக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகள் அவளை அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள்.

"ஃபோல் எண்டு சொல்லுறார். பைத்தியம் எண்டு," என்று மார்கிரட்டைப் பார்த்துச் சொன்னாள். "இப்ப நான் சொல்லுறதையும் அந்த அம்மாவுக்கு ஒண்டும் விடாமல் பிரெஞ்சிலை சொல்லுங்கோ. என்ரை பாஸ்போட் இவரிட்டை இருக்கு. நாலு வருசமாய் எனக்குச் சம்பளம் இல்லை. நான் படுக்கிறது இவற்றை கடைக்குக் கீழை, அரிசி மூட்டையளுக்குள்ளை. வெளியிலை போறதெண்டால் கேக்கவேணும், கேட்டால் விடாயினம். நீங்கள் எல்லாரும் இப்ப சாப்பிடப்போற வடையும் நான் சுட்டதுதான்."

மார்கிரட் கையில் இருந்த தாள்களை மடித்து வைத்தார். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்தி, பிரெஞ்சில் சொன்னார். கடைசியில் வடையையும் விடவில்லை.

மூன்றாவது வரிசையில் விதுஷன் இருந்தான். ஜெயரட்ணத்தின் கடையில் கல்லாவில் நிற்பவன். காலையில் கடை திறக்கும்போது அவள் கேவ் படியேறி வருவதைத் தினமும் பார்க்கிறவன். வசந்தரூபி அவனிடம் திரும்பினாள். "விதுஷன், நான் பொய் சொல்லுறனோ? சொல்லும்."

விதுஷன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது குடும்பத்துப் பிரச்சினை தங்கச்சி," என்றார் சங்கத்தின் செயலாளர் இரத்தினம். "வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்கட சனத்தின்ரை மானத்தைக் கெடுக்காதையும். பிறகு ஆறுதலாய் இருந்து கதைப்பம்."

"ஆற்றை மானம் அண்ணை?" என்றாள் வசந்தரூபி. "நான் எந்தச் சனம்?"

ஆன்-சோஃபியின் முகம் சிவந்துபோயிருந்தது. இது மிகவும் பாரதூரமான விஷயம் என்றாள். தன் பெயர் அச்சடித்த அட்டையைக் கொடுத்தாள், திங்கட்கிழமை கட்டாயம் அழைக்கச் சொன்னாள். அன்று சனிக்கிழமை. சனிக்கும் திங்களுக்கும் நடுவில் இவள் எங்கே படுப்பாள் என்று மார்கிரட் பிரெஞ்சில் கேட்டார். ஆன்-சோஃபி கைப்பையைத் திறந்து மூடினாள்.

வசந்தரூபி ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். ஜெயரட்ணம் எழுந்து வந்து வாசலை மறித்தார். யாரும் கேட்காதபடி மெல்லப் பேசினார். "எங்கை போவீர்? பேப்பர் இல்லை, பாஷை இல்லை. ஆர் இருக்கினம் உமக்கு?"

"விலகுங்கோ."

"யோசிச்சுப் பாரும் பிள்ளை."

"நாலு வருசமாய் யோசிச்சிட்டன். விலகுங்கோ."

அவர் விலகவில்லை. பின்னால் வந்த மார்கிரட், பாண்டிச்சேரித் தமிழை விட்டுவிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதில் பொலிஸ் என்ற சொல் மட்டும்தான் வசந்தரூபிக்குப் புரிந்தது. ஜெயரட்ணம் விலகினார்.

"வாங்க, நேரா போலீசுக்குப் போவோம்," என்றார் மார்கிரட் தெருவில்.

"முதல்லை என்ரை பாஸ்போட்," என்றாள் வசந்தரூபி. நடக்கும் வேகத்தில் மார்கிரட்டுக்கு மூச்சு வாங்கியது.

சனிக்கிழமை மதியம் ரூ காய் நெரிந்துகொண்டிருந்தது. மரக்கறிக் கடைகளில் முருங்கைக்காயும் பலாக்காயும் பெட்டி பெட்டியாக நடைபாதைக்கு வந்துவிட்டிருந்தன. ஜெயரட்ணத்தின் கடை வாசலில் சாப்பாட்டுக்கு வரிசை நின்றது. யோகராணி கல்லாவில் இருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே போன் வந்திருக்க வேண்டும்.

"உள்ளை வா. உள்ளை வந்து கதை," என்றாள் யோகராணி பல்லைக் கடித்தபடி.

"உள்ளை வரமாட்டன் அக்கா. என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ."

"மண்ணுக்குள்ளை கிடந்த உன்னை ஆர் தூக்கி விட்டது? நன்றி கெட்டவளே."

"மண்ணுக்குள்ளைதான் இப்பவும் படுக்கிறன். உங்கட கடைக்குக் கீழை."

வரிசையில் நின்றவர்கள் காதைக் கூர்மையாக்கினார்கள். ஒருவர் சாப்பாட்டுப் பொதியை வாங்காமலே நகர்ந்தார். வசந்தரூபி கடை வாசற்படியில், போக வர வழி இல்லாதபடி உட்கார்ந்துவிட்டாள். பாஸ்போட் வரும்வரை எழும்பமாட்டேன் என்றாள். யோகராணி ஒரு தரம் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உட்கார்ந்தவள் அசையவில்லை. நடைபாதையில் கூட்டம் சேர்ந்தது. சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "பாவம்" என்று ஒரு குரல் கேட்டது. அது யாரைப் பற்றி என்று தெரியவில்லை.

பொலிசைக் கூப்பிட்டது யோகராணிதான். பேப்பர் இல்லாத ஒரு பெண் கடையை மறித்துக்கொண்டு கலாட்டா செய்கிறாள் என்று அவளே போனில் சொன்னாள். பிறகு அதையே வசந்தரூபிக்கு விளங்கத் தமிழிலும் சொன்னாள்.

சீருடைகள் தெரு முனையில் தெரிந்ததும் வசந்தரூபியிடம், எழுந்து ஓடு என்று உடம்பு சொன்னது. அவள் படியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் இளம் வயது. யோகராணி வெளியே வந்து வேகவேகமாகப் பிரெஞ்சில் முறையிட்டாள். பெண் பொலிஸ் குனிந்து வசந்தரூபியிடம் அடையாளப் பத்திரம் கேட்டாள். இல்லை என்று வசந்தரூபி தலையாட்டினாள்.

"அவளுடைய பாஸ்போட் இவர்களிடம் இருக்கிறது," என்றார் மார்கிரட்.

"ஓம், இருக்கு, எங்கட வீட்டு அலுமாரியிலை பத்திரமாய் இருக்கு, நாங்கள்தான் அவளைப் பாக்கிறனாங்கள்," என்று யோகராணி பிரெஞ்சில் படபடத்தாள். தான் நல்லவள் என்று காட்டுகிற அவசரத்தில் சொல்லிவிட்டாள்.

பெண் பொலிஸ் நிமிர்ந்தாள். "அவளுடைய பாஸ்போட் ஏன் உங்களுடைய அலுமாரியில் இருக்கிறது, மதாம்?"

மார்கிரட் முந்திக்கொண்டார். அவர் கேவைப் பற்றிச் சொன்னார். ஆண் பொலிஸ் கடைக்குள் போய், கீழே இறங்கி, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் விரித்திருந்த மெத்தையையும், தேங்காய்ப்பால் பெட்டிமேல் வைத்திருந்த சீப்பையும் பற்தூரிகையையும் பார்த்துவிட்டு மேலே வந்தான். அதன்பிறகு அவன் யோகராணியிடம் பேசிய தொனி மாறியிருந்தது.

பொலிஸ் நிலையத்தில் போன்வழி ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேள்வி கேட்டார்கள். கேட்ட அதிகாரி கெட்டவர் அல்ல. தண்ணீர் கொடுத்தார். கடைசியில் அவர் கேட்டது இது: "கடைக் கதவு பகலில் திறந்துதானே இருந்தது? நீங்கள் ஏன் போகவில்லை?"

வசந்தரூபிக்கு அழுகை வரும் என்று மார்கிரட் நினைத்தார். வரவில்லை.

"கதவு திறந்துதான் இருந்தது," என்றாள். "கதவுக்கு வெளியிலை நீங்கள் நிக்கிறியள் எண்டு சொல்லித்தான் என்னை உள்ளை வைச்சிருந்தவை."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பாஸ்போட்டைப் பொலிஸ் அந்த அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இரண்டு நாள் வசந்தரூபி மார்கிரட்டின் வீட்டில் தங்கினாள். பிறகு இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் ஒரு அமைப்பு அவளுக்குப் பெண்கள் விடுதியில் இடம் எடுத்துக் கொடுத்தது. முறைப்பாடு கொடுத்தவள் என்பதால் தற்காலிக வதிவிட அனுமதி கிடைத்தது. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. மாத முடிவில் சம்பளம் தன் பெயருக்கு வந்த அன்று அவள் சந்தோசப்படவில்லை. இது எவ்வளவு சாதாரண விஷயம், இதைத் தராமலிருக்க அவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று எண்ணி எண்ணி எரிந்தாள்.

லா ஷப்பல் அவளை மன்னிக்கவில்லை. ரூ காயில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர்கள் மிச்சக் காசை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள். ஊரில் யோகராணியின் சொந்தக்காரர் தங்கையின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, கேசை வாபஸ் எடு," என்றாள் தங்கை போனில். "அவையள் பெரிய ஆக்கள். எங்களுக்கு இஞ்சை இருக்கேலாமல் கிடக்கு. அதோடை, உன்னை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டது அவையள்தானே."

"எனக்கு என்ன நடந்தது எண்டு நீ ஒருக்காலும் கேக்கேல்லையே."

"அதுதான் முடிஞ்சுதே."

வசந்தரூபி போனை வைத்தாள். பல வாரம் தங்கையோடு பேசவில்லை. வழக்கையும் வாபஸ் வாங்கவில்லை.

வழக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. விதுஷன் சாட்சிக்கு வந்தான். "அவ குடும்பத்து ஆள் எண்டு நினைச்சன்" என்றான். கேவில் படுத்தது தெரியுமா என்று கேட்டதற்கு, அவ விரும்பித்தான் படுத்ததாக்கும் என்று நினைத்ததாகச் சொன்னான். ஜெயரட்ணத்தின் வக்கீல், போரில் இருந்து வந்த ஒரு விதவைக்கு அடைக்கலம் கொடுத்த குடும்பம் இது என்றார். தமிழர் பண்பாட்டில் சொந்தக்காரர் கடையில் கைகொடுப்பது வழக்கம் என்றார். மார்கிரட் எழுந்து, அது தனக்குத் தெரிந்த தமிழர் பண்பாடு இல்லை என்று சொல்லப்போக, நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

தீர்ப்பு வந்தது. இருவரும் குற்றவாளிகள். ஆனால் சிறைத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. அபராதமும் இழப்பீடும் கட்டினால் போதும். அடிமைத்தனம் என்ற சொல்லை நீதிமன்றம் ஏற்கவில்லை. மனித மாண்புக்கு ஒவ்வாத வேலை நிலைமை என்று எழுதினார்கள். அன்று பின்னேரமே ஜெயரட்ணத்தின் கடை திறந்திருந்தது.

"மனித மாண்புக்கு ஒவ்வாதது," என்று வசந்தரூபி அந்தச் சொற்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். நீதிமன்ற வாசலில் மார்கிரட் அவளுக்காகக் காத்திருந்தார்.

"எனக்கு ஆத்தாமையா இருக்கு," என்றார் மார்கிரட். "மேல்முறையீடு பண்ணலாமான்னு மெத்ர்கிட்ட கேட்கிறேன்." வக்கீலைப் பாண்டிச்சேரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"கேளுங்கோ அம்மா. நான் களைக்கேல்லை."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாலத்தின்மேல் உள்ள லா ஷப்பல் மெட்ரோவின் படிகளில் ஏறும்போது வசந்தரூபிக்குப் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் மூன்று பை நிறைய மரக்கறி. ரூ காயில் இரண்டொரு தரம் கண்ட முகம். மட்டக்களப்புப் பேச்சு. அவள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

"அக்கா, நீங்கதானே கடை வாசல்ல இருந்தவங்க? அந்த வீடியோ பாத்த நான்."

"ஓம்."

"எனக்கும் வெளியில போக விடுறாங்க இல்ல. இப்ப சாமான் வாங்க மட்டும் விட்டிருக்காங்க. கெதியாத் திரும்பிப் போகணும்."

சொல்லும்போதே அவள் அழத் தொடங்கினாள். பைகளை வசந்தரூபி வாங்கிச் சுவரோரம் வைத்தாள். வழக்கு, தீர்ப்பு, ஒத்திவைத்த தண்டனை எல்லாவற்றையும் இவளுக்குச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். மெட்ரோ ஒன்று தலைக்குமேல் பாலம் அதிர வந்து நின்று ஆட்களைக் கொட்டியது. வசந்தரூபிக்குள் பழைய கோபம் எழுந்தது. இம்முறை அதில் பயம் இல்லை.

"அழாதையும்," என்றாள். "உம்மடை பாஸ்போட் எங்கை இருக்கு? முதல்லை அதைச் சொல்லும்."